கண்ணில் புழு வருவது அழுக்கால்தானா?

3 நவம்பர், ஒரு வாசகியின் கேள்வி

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒரு அம்மாவின் கண் வெள்ளையில் நூல் மாதிரி ஒரு புழு நெளிகிறது, டாக்டர் இடுக்கியால் உருவி எடுக்கிறார். கீழே எல்லோரும் "சுத்தபத்தமா இல்லேன்னா இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறார்கள். சுத்தமாக இருப்பவர்களுக்கு இது வராதுதானே? வீட்டில் நாய் இருக்கிறது. நாயைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லி மாமியார் ஒற்றைக் காலில் நிற்கிறார். அதனால்தான் கேட்கிறேன்.

3 நவம்பர், இரவு

சரியில்லை. அந்த வீடியோ எனக்கும் வந்தது. கேரளத்திலோ இலங்கையிலோ எடுத்ததாக இருந்தால் அது பெரும்பாலும் டைரோஃபைலேரியா என்ற நாய்ப்புழு. ஆனால் நாய் நக்கியோ நாயைக் கொஞ்சியோ அது வராது. நாயின் ரத்தத்தில் குட்டிப்புழுக்கள் ஓடும். அந்த ரத்தத்தைக் கொசு குடிக்கும். கொசுவுக்குள் அவை ஒன்றிரண்டு வாரம் வளரும். அதே கொசு அப்புறம் உங்களைக் கடித்தால் புழு உங்கள் தோலுக்குள் இறங்கும். மனித உடம்பு அதற்கு வேண்டிய வீடு இல்லை, வழி தவறி வந்து தோலுக்கடியில் திரியும், சில பேருக்குக் கண் வெள்ளைக்கு மேலே இருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் வந்து சேரும். உருவி எடுத்தால் விரல் நீளத்தைத் தாண்டும். எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. உங்களிடமிருந்து வீட்டில் வேறு யாருக்கும் போகாது.

தினம் இரண்டு வேளை குளிப்பவரையும் கொசு கடிக்கும். சுத்தம் எங்கே வந்தது இதில்?

நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், பார்வை பரிசோதனை படித்தவன். இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன், அது கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

4 நவம்பர்

"கண்ணுக்குள் குறுக்கே நடந்து போகும் புழுவும் இதுதானா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு, லோவா லோவா. மத்திய ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுப் பகுதிகளில் இருப்பது. பகலில் கடிக்கும் ஒரு வகை ஈ மூலம் வரும். விறகுப் புகை அந்த ஈயைக் கூப்பிட்டுக்கொண்டு வரும் என்பது இதில் எனக்குப் பிடித்த விவரம், நம் ஊரில் கொசுவை விரட்டத்தானே புகை போடுகிறோம். உள்ளே போன புழு வருடக்கணக்கில் தோலுக்கடியில் உலாத்தும், ஒரு நாள் கண்ணின் மேற்பரப்பைக் கடந்து போகும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபக்கம் போய் மறைந்துவிடும். மருத்துவமனைக்கு ஓடுவதற்குள் ஆள் இருக்காது.

1770-ல் மோங்கின் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் கரீபியத் தீவு ஒன்றில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணில் இதைப் பார்த்து எடுக்க முயன்றார். புழு கண்ணுக்குப் பின்னால் நழுவிப் போய்விட்டது. இதைப் பற்றி எழுதிவைக்கப்பட்ட முதல் சம்பவம் அதுதான். அந்தத் தீவில் அந்த ஈ கிடையாது. அந்தப் பெண் கப்பலில் ஏறும்போதே புழு அவள் உடம்பில் ஏறியிருக்கிறது.

6 நவம்பர்

என் மனைவி இதைப் படித்துவிட்டு, "கடைக்கு வருகிறவங்க கிட்ட இதெல்லாம் பேசாதீங்க, பவர் செக் பண்ண வந்தவங்க ஓடிருவாங்க" என்கிறாள்.

9 நவம்பர், ராத்திரி தூக்கம் வராமல்

சரி, வெட்கக்கேட்டைச் சொல்கிறேன்.

காண்டாக்ட் லென்ஸ் விற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைப் பாடுவேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடணும், தண்ணீர் படக்கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது, டப்பாவை மாதாமாதம் மாற்றணும். ஆறு வருடத்துக்கு முன்னால் சொந்தத்தில் ஒரு கல்யாணம், மூன்று நாள் மண்டபத்திலேயே இருந்தோம். கொண்டுபோன கரைசல் பாட்டில் இரண்டாம் நாளே காலி. கடைக்காரன் நானே, ஊரில் என் கடையில் நாற்பது பாட்டில் இருக்கிறது, இங்கே ஒன்று கிடையாது. மண்டபத்தின் கைகழுவும் குழாயில் டப்பாவை அலசி, அந்தத் தண்ணீரிலேயே லென்ஸை ஊறப்போட்டேன். காலையில் எடுத்து மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை அழைப்புக்குப் போனேன். அவ்வளவுதான் செய்த குற்றம்.

நான்கைந்து நாள் கழித்து வலது கண் உறுத்தல். அப்புறம் வெளிச்சம் பார்க்க முடியவில்லை. அப்புறம் வலி. கண் வலி என்றால் இப்படி ஒரு வலியா என்று அதுவரை எனக்குத் தெரியாது. கண்ணைப் பார்த்தால் லேசாகச் சிவந்திருக்கிறது, வேறொன்றும் பெரிதாக இல்லை, ஆனால் பின்மண்டை வரை ஆணி அடிக்கிற மாதிரி. இதுதான் அகாந்தமீபா என்ற, கண்ணுக்குத் தெரியாத ஓர் அமீபாவின் அடையாளம் என்று பிறகுதான் புரிந்தது (புழு இல்லை, ஒற்றைச் செல் உயிரி). அது கருவிழியின் நரம்புகளை ஒட்டிப் போகும், அதனால்தான் பார்வைக்குத் தெரிகிற புண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத வலி.

முதலில் பார்த்த இடத்தில் வைரஸ் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், பத்து நாள் கழித்து ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆரம்பத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், நிறைய பேருக்கு இந்தத் தாமதம் நடக்கிறது. ஆனால் நானும் லென்ஸ் போடுவதைச் சொன்னேனே தவிர, குழாய்த் தண்ணீரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வெட்கம். கண்ணாடிக் கடைக்காரன் போய் "லென்ஸை மண்டபத்துக் குழாயில் கழுவினேன்" என்று எப்படிச் சொல்வான்?

மூன்றாவது வாரம் இன்னொரு இடத்தில் கருவிழியைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணியில கழுவினீங்களா?" தலையாட்டினேன். "எந்தத் தண்ணி?" என்றார்.

எந்தத் தண்ணீர் என்பது ஒரு பொருட்டே இல்லை என்று அப்புறம் அவரே சொன்னார். போர் தண்ணீர், முனிசிபாலிட்டி தண்ணீர், நீச்சல் குளம், மண், தூசி, எல்லாவற்றிலும் இந்த அமீபா இருக்கிறது. நம் மூக்கிலேயே வந்து போகும். குழாய்த் தண்ணீரில் போடுகிற குளோரினுக்கெல்லாம் அசையாது, சூழ்நிலை சரியில்லை என்றால் இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். லென்ஸ் டப்பாவின் ஓரத்தில் வழவழப்பாக ஒரு படலம் பிடிக்கும் பாருங்கள், அதில் பாக்டீரியா, அந்தப் பாக்டீரியாவைத் தின்று இது வளரும். லென்ஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு வரும், லென்ஸ் உரசிய இடத்தில் கருவிழிக்குள் நுழையும்.

முதல் இரண்டு நாள் மணிக்கொரு தடவை சொட்டு, ராத்திரி பகல் பார்க்காமல். மனைவி அலாரம் வைத்து எழுந்து விடுவாள், மச்சான் ஒரு ராத்திரி வந்து மாற்றிவிட்டார். நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யப் போடுகிற மருந்தை ரொம்ப நீர்த்துப்போகக் கலந்து கண்ணில் விடுகிறார்கள் என்று தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எட்டு மாதம் ஆனது. வலது கண்ணில் இப்போதும் ஒரு வெள்ளைத் தழும்பு, போர்டில் நாலாவது வரிக்குக் கீழே படிக்க முடியாது. சொந்தக் கடைப் போர்டு.

10 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், "அப்படியானால் லென்ஸ் போடாதவர்களுக்குக் கவலை இல்லை" என்கிறார். இது என் தப்பு, என் கதையை மட்டும் சொன்னதால் வந்த வினை. திருத்துகிறேன்.

வெளிநாட்டில் இது லென்ஸ்காரர்களின் நோய். 1980-களில் அமெரிக்காவில் உப்பு மாத்திரையை வீட்டிலேயே தண்ணீரில் கரைத்து லென்ஸுக்குப் பயன்படுத்தி நிறைய பேர் மாட்டினார்கள். ஆனால் அந்த நாட்டில் 1973-ல் வந்த முதல் நோயாளி லென்ஸ்காரர் இல்லை, டெக்சாஸில் ஒரு பண்ணைக்காரர், கண்ணில் அடிபட்டவர். நம் நாட்டில் இன்றைக்கும் கதை அந்தப் பண்ணைக்காரரின் கதைதான். நெல் தூற்றும்போது கண்ணில் பட்ட உமி, கரும்புத் தோகை கீறியது, மாட்டு வால் அடித்தது, அப்புறம் அந்தக் கண்ணை வாய்க்கால் தண்ணீரில் கழுவுவது. வருகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸையே பார்த்திராதவர்கள்.

இன்னொன்றையும் சொல்லணும், இல்லாவிட்டால் எல்லோரும் அமீபாவையே நினைத்துப் பயப்படுவீர்கள். மதுரை மாவட்டத்தில் 1993-ல் கணக்கெடுத்தபோது வருடத்துக்கு லட்சத்தில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது, அமெரிக்காவைப் போலப் பத்து மடங்கு. மறு வருடம் மூன்று மாதத்தில் வந்த 434 பேரைச் சோதித்ததில், கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை. அமீபா நூற்றில் ஒன்று. ஆக, உமி பட்டால் அமீபாவை நினைத்துப் பதற வேண்டாம், ஆனால் புண்ணை நினைத்து அன்றைக்கே போங்கள்.

அப்புறம் கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவது, நாக்கால் தூசி எடுப்பது மாதிரி கைவைத்தியங்கள். எங்கள் ஆத்தா தூசி எடுப்பதில் கைராசிக்காரி (நாக்குராசிக்காரி என்றுதான் சொல்லணும்), சுற்றுப்பட்டில் பத்து ஊரிலிருந்து வருவார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சாகிற வரை சொன்னது. ஆனவர்கள் திரும்பி வந்து ஆத்தாவிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. குடும்பத்தில் இதற்கு இன்னும் சண்டை நடக்கிறது.

15 நவம்பர்

"நாங்கள் சுத்த சைவம், எங்களுக்குப் புழு எப்படி வரும்?" அருமையான கேள்வி. இதே வாக்கியத்தை என் கடையிலேயே கேட்டிருக்கிறேன். ஒரு அம்மா, இமை ஒரு பக்கம் தொங்குகிறது, மேலே பார்த்தால் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று கண்ணாடி மாற்ற வந்தார். கண்ணாடியால் சரியாகாது, ஸ்கேன் எடுங்கள் என்று அனுப்பினேன். கண்ணை அசைக்கும் தசைக்குள் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு நீர்ப்பை, உள்ளே புள்ளியாகப் புழுவின் தலை. பன்றி நாடாப்புழுவின் குஞ்சு.

இதில் இரண்டு பாதை இருக்கிறது, எல்லோரும் போட்டுக் குழப்புகிறார்கள். சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. அவருக்குக் கண்ணில் ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆனால் அவர் மலத்தில் முட்டை போகும். அந்த முட்டை கீரையில், தண்ணீரில், சமைக்கிறவர் கையில் ஒட்டி இன்னொருவர் வயிற்றுக்குள்ளோ, சில சமயம் அவர் வயிற்றுக்குள்ளேயோ போனால்தான் நீர்ப்பை வரும், ரத்தத்தோடு போய் மூளையிலோ கண்ணிலோ உட்காரும். அதாவது பல நேரம் பன்றி தின்றவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர். அந்த அம்மா பூண்டைக்கூடத் தொடாதவர். "பாவம் பண்ணினவன் எவனோ" என்றார். உண்மைதான், இதற்கு அதைவிடச் சரியான விளக்கம் நான் கேட்டதில்லை.

தசையில் இருந்ததால் மாத்திரையிலேயே வற்றிவிட்டது. கண்ணுக்கு உள்ளேயே, விழித்திரைப் பக்கம் இருந்தால் மாத்திரை கொடுத்துக் கொல்லக்கூடாது, உள்ளே செத்தால் வருகிற வீக்கத்தில் கண்ணே போகும், அறுத்து எடுக்கத்தான் வேண்டும். அதனால் தாமாகக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போடுகிற வேலை வேண்டாம்.

22 நவம்பர், மழை

மூன்று நாள் மழையில் கண்மாய் நிறைந்து மறுகால் போகிறது. இப்போதுதான் இந்தக் கதையைச் சொல்லணும்.

போன வருடம் இதே மாதிரி கண்மாய் பெருகியது. அக்கா மகனுக்குப் பத்து வயது, பள்ளிக்கூடம் விட்டால் கரைமேல் பையை வீசிவிட்டுக் குதிக்கிறதுதான். தை பிறந்து கொஞ்ச நாளில் அக்கா போன் போட்டாள். "தம்பி, இவன் கண்ணுல என்னமோ கொப்புளம் மாதிரி இருக்குடா, வலியும் இல்லேங்கிறான்." கூட்டிவரச் சொல்லி விளக்கில் வைத்துப் பார்த்தேன். கீழிமையை இறக்கினால் வெள்ளைப் பகுதியில் மூக்குப் பக்கமாக மஞ்சளும் வெள்ளையுமாக ஜவ்வரிசி அளவு ஒரு திரட்சி, சுற்றிலும் சிவப்பு நரம்பு. பார்வை முழுசாக இருந்தது. "மாமா, இதுக்கு ஊசி போடுவாங்களா?" என்று அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெரிய மருத்துவமனையில் பார்த்த டாக்டர் பையனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்தக் கண்மாய்ல குளிக்கிற?"

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! தென் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது வருவதை மதுரை டாக்டர்கள் பல வருடமாகப் பார்த்து, 2001-ல் எழுதியும் இருக்கிறார்கள். எல்லாம் கண்மாயிலோ ஆற்றிலோ நீந்துகிற பிள்ளைகள், பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகளைக் கண்மாயில் இறங்கவிடுகிறோமா என்ன.

நடப்பது இது. தண்ணீரில் நத்தை. நத்தைக்குள் ஒரு தட்டைப்புழுவின் குஞ்சுகள். வெயில் ஏறினால் அவை நத்தையை விட்டு வெளியே நீந்தும், கண்ணுக்குத் தெரியாது, வால் வைத்த புள்ளி மாதிரி. தேடுவது வேறு எதையோ, மோதுவது கண்ணைத் திறந்துகொண்டு முங்குநீச்சல் அடிக்கிற பையன் மேல். அங்கேயே துளைத்து உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மேலே போக வழி தெரியாது, செத்துப்போகும், உடம்பு அதைச் சுற்றிக் கட்டி கட்டும். அந்தக் கட்டிதான் ஜவ்வரிசி. சிலருக்குக் கருவிழிக்குப் பின்னால் கண்ணின் முன்னறையிலும் வரும், அது பார்வையைக் கெடுக்கும். இவனுக்கு மேலாப்பில் இருந்ததால் மரத்துப்போகும் சொட்டு விட்டு எடுத்துவிட்டு, மூன்று வாரம் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஊசி போடவில்லை.

அந்த நத்தையை நான் கரையில் பொறுக்கிப் பார்த்தேன். வட்டமாக இருக்கிற பெரிய நத்தை இல்லை. திருகாணி மாதிரி ஒல்லியாக, ஒரு அங்குலம்கூட இல்லை, மண்பழுப்பில் செந்நிறத் தீற்றல். சின்னப் பிள்ளையில் இதை வாயில் வைத்து ஊதி விளையாடியிருக்கிறேன். வண்டிவண்டியாகக் கிடக்கிறது.

23 நவம்பர்

நேற்று "தட்டைப்புழு" என்று பொத்தாம்பொதுவாக எழுதியதற்கு ஒரு விலங்கியல் ஆசிரியர் காதைத் திருகிவிட்டார், நியாயம்தான். முதலில் இதைப் பறவைகளின் கண்ணிலேயே வாழும் ஒரு புழு என்றுதான் சந்தேகப்பட்டார்கள். பிறகு பிள்ளைகளின் கட்டியில் கிடைத்த மரபணுவையும் கண்மாய் நத்தையில் இருந்த புழுவின் மரபணுவையும் ஒப்பிட்டு, 2016-ல் புரோசெரோவம் வேரியம் என்று பெயர் சொன்னார்கள். நத்தையிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மீன் தின்னும் கொக்கு மாதிரிப் பறவைக்கு, பறவை எச்சத்திலிருந்து திரும்ப நத்தைக்கு. இதுதான் அதன் சுற்று. எங்கள் பையன் மீனின் இடத்தில் போய் நின்றிருக்கிறான்.

"நத்தையைக் கொல்ல மருந்து அடிக்கலாமே" என்றவருக்கு: அந்தத் தண்ணீரில்தான் ஊர் மாடு குடிக்கிறது, நெல் விளைகிறது, பங்குனியில் மீன் பிடிக்கிறோம்.

1 டிசம்பர்

பூனை வளர்க்கிறவர்கள் திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கனடாவின் விக்டோரியா நகரில் 1995-ல் கண் டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள், விழித்திரையில் டாக்ஸோபிளாஸ்மா (பூனைக் கழிவில் வரும் ஒட்டுண்ணி) புண்ணோடு ஆட்கள் அடுத்தடுத்து வந்தார்கள். தேடிப்போனால் ஊர்க் குடிநீர் ஏரி. வடிகட்டாத தண்ணீர். சுற்றிலும் வீட்டுப் பூனைகளும் மலைச்சிங்கங்களும், மழையில் அவற்றின் கழிவு ஏரிக்குள். சுமார் 100 பேரை உறுதியாகக் கண்டுபிடித்தார்கள், அதில் இருபது பேர் அளவுக்குக் கண். கோயம்புத்தூரிலும் 2004-ஐ ஒட்டி இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இதே நோய் கண்ணில் வந்து, அங்கேயும் விரல் குடிநீர்ப் பக்கம்தான் நீண்டது. குளோரின் இதையும் ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் சாகும்.

பூனையை மடியில் வைத்தால் வராது. முதன்முதலாகத் தொற்று வந்த பூனையின் மலத்தில் ஒன்றிரண்டு வாரம் மட்டும் ஒட்டுண்ணியின் முட்டை வரும், அந்த முட்டையும் போட்ட உடனே ஒட்டாது, வெளியே ஒரு நாளாவது கிடந்து பழுக்கணும். பூனை மலம் கழிக்கும் தட்டைத் தினம் சுத்தம் செய்தால் பாதிக்கு மேல் தீர்ந்தது. அரைவேக்காட்டு ஆட்டுக்கறியில் வருவதும் உண்டு, கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்குப் போவதும் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்கள் பூனைத் தட்டை வீட்டு ஆம்பளையிடம் ஒப்படைத்துவிடுங்கள், நல்ல சாக்கு.

8 டிசம்பர்

இன்றைக்குக் கடைக்கு ஒரு கீதாரி வந்தார். சாலையோர வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார். "காலையில ஓட்டிட்டுப் போறப்ப என்னமோ சுள்ளுனு கண்ணுல அடிச்சுச்சு தம்பி, மணல் விழுந்தாப்புல உறுத்துது." ஈ அடித்ததா என்றேன். "ஆமா, உனக்கு எப்படித் தெரியும்?"

ஆட்டு மூக்கு ஈ என்று ஒன்று உண்டு. அது முட்டை போடாது, உயிருள்ள குஞ்சுப் புழுவாகவே பறந்தபடி ஆட்டு மூக்கில் பீய்ச்சிவிட்டுப் போகும், உட்காரக்கூடச் செய்யாது. ஆடு தலையைக் குனிந்துகொண்டால் பக்கத்தில் நிற்கிற ஆள் கண்ணில் விழும். இமையைப் புரட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு மில்லிமீட்டர், கண்ணாடி மாதிரி நிறமே இல்லை, தலைப்பக்கம் கருப்பாக இரண்டு கொக்கி. வெளிச்சம் பட்டதும் விறுவிறுவென்று இமைக்குள் ஓடுகிறது. தண்ணீர் அடித்தால் வராது, கொக்கியால் பிடித்துக்கொள்ளும். பக்கத்து கண் டாக்டரிடம் அனுப்பினேன், ஐந்து எடுத்திருக்கிறார். மனிதக் கண்ணில் அது வளராது, விட்டாலும் சில நாளில் சாகும், ஆனால் அந்தச் சில நாளைச் சும்மா இருந்து தாங்க முடியாது.

கீதாரி போகும்போது கேட்டார்: "இதுக்குக் கண்ணாடி ஏதும் இருக்கா?" இருநூறு ரூபாய் வெயில் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார், "ஆடு மெரளும்" என்று திரும்பக் கொடுத்துவிட்டார்.

9 டிசம்பர்

நேற்றையதற்கு ஒட்டுப்போடுகிறேன். கண்ணீர் குடிக்கிற ஈக்களும் உண்டு. மாட்டுக் கண்ணோரத்தில் மொய்க்குமே, அதுதான். 2016-ல் அமெரிக்காவின் ஓரிகானில் மாடு மேய்ந்த பக்கம் போய்வந்த ஓர் இளம்பெண் கண்ணிலிருந்து மொத்தம் 14 புழு எடுத்தார்கள். மாட்டுக்கு வரும் தெலாசியா வகை, மனிதரில் அதுவரை பார்க்காத இனம். முதல் புழுவை அவரே விரலால் இழுத்து எடுத்திருக்கிறார். இமை முடி என்று நினைத்தாராம். நம் நாட்டில் இதன் இன்னொரு வகை அசாம், மணிப்பூர், இமாச்சலப் பக்கம் தென்படுகிறது.

அவ்வளவுதான், முகத்தில் உட்கார்ந்த ஈயைக் கையால் ஓட்டுங்கள், அதுவே வைத்தியம்.

20 டிசம்பர்

முதல் கேள்வி கேட்ட வாசகி மறுபடி எழுதியிருக்கிறார், "ஆப்பிரிக்கா, கனடா எல்லாம் சுற்றிவிட்டீர்கள், என் நாயைப் பற்றிச் சொல்லவே இல்லை." மன்னிக்கணும்.

நாய்க்குட்டிகளின் குடலில் உருளைப்புழு இருக்கும், டாக்ஸோகாரா. தாயின் வயிற்றிலிருக்கும்போதே வந்துவிடும். குட்டியின் மலத்தில் முட்டை விழும், மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும். அந்த மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கிற குழந்தைக்குள் போனால் புழு குடலில் தங்காமல் உடம்பில் அலையும். கண்ணுக்குப் போனால் ஒரு கண்ணில் பார்வை மங்கும், மாறுகண் வரும், சில குழந்தைகளுக்குக் கண்மணி வெள்ளையாகத் தெரியும். அதுதான் பயங்கரம், ஏனென்றால் விழித்திரைப் புற்றுநோயும் அப்படியே தெரியும். 1950-ல் ஹெலனர் வைல்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி, பெரும்பாலும் புற்று என்று பயந்து அகற்றப்பட்ட குழந்தைகளின் 46 கண்களை வெட்டிப் பார்த்தார். 24-ல் இருந்தது புழு. இந்தக் கணக்கை முதன்முதலில் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே நாயைக் கொண்டுபோய் விடாதீர்கள். பூச்சி மருந்து கொடுங்கள், குட்டியாக இருந்தால் இரண்டு வாரத்திலேயே ஆரம்பிக்கணும் என்று கால்நடை டாக்டர் சொல்வார். மலத்தை அன்றன்றைக்கு அள்ளுங்கள். குழந்தை சாப்பிடும் முன் கை கழுவட்டும். ஆம், இந்த மாதிரி இடங்களில் சுத்தம் வேலை செய்கிறது, மூன்றாம் தேதி நான் ஒரே போடாகப் போட்டது கொஞ்சம் அதிகம்தான். மாமியாருக்கு ஒரு மதிப்பெண்.

6 ஜனவரி

இந்த வருடமும் பையன் கண்மாய்க்குப் போகத்தான் செய்கிறான். அக்கா கரையில் கம்போடு நின்று பார்த்துவிட்டாள், முடியவில்லை. "நீதானே கண்ணாடிக் கடை வெச்சிருக்க, ஏதாவது பண்ணு" என்றாள். நீச்சல் கண்ணாடி வரவழைத்தேன், ரப்பர் விளிம்பு இறுக்கமாகப் பிடிக்கிற நல்ல ரகம். உட்காரவைத்துப் பட்டையை அளவு பார்த்து மாட்டி, "மாப்ளே, இதக் கழட்டாம எவ்வளவு நேரம் வேணாலும் முங்கு" என்றேன். ரொம்ப சந்தோஷமாகப் போனான்.

சாயங்காலம் வந்து நிற்கிறான், தலையெல்லாம் ஈரம், கண் சிவப்பு. கண்ணாடி எங்கேடா என்றால், மடைக்கிட்டே முங்கும்போது விழுந்துவிட்டதாம், அதைத் தேடித்தான் இவ்வளவு நேரம் கண்ணைத் திறந்துகொண்டு முங்கினானாம்.